பிள்ளைகள் தயார், காகிதம் தயாரில்லை: இளைஞர் குழுவை வெதரைசேஷன் வேலைக்கு இறக்கிய அனுபவம்

அமெரிக்காவில் இளைஞர் சேவைத் திட்டம் வழியாக வீட்டு எரிசக்திச் சிக்கன வேலைக்கு (வெதரைசேஷன்: காற்றுக் கசிவை அடைத்து, வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன் போடுவது) ஆள் தயார் செய்ய நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: பிள்ளைகளால் எந்தத் தாமதமும் வராது. ஏணி, இன்சுலேஷன் குழாய், ஃபோம் கன் எல்லாம் சீக்கிரமே கைக்குப் பழகிவிடும். இழுத்தடிப்பது காகிதம். எதை முடித்த பிறகு எதைத் தொடலாம் என்பதை ஒரே இடத்தில் சொல்லித் தர ஆள் கிடையாது.

முதல் முட்டுக்கட்டை பின்னணிச் சரிபார்ப்பு. கூட்டாட்சி அரசின் சேவைத் திட்டமான அமெரிக்கார்ப்ஸில் சேரும் 18 வயது நிரம்பிய உறுப்பினருக்கு மூன்று சோதனைகள்: தேசியப் பாலியல் குற்றவாளிகள் பட்டியல், மாநிலக் குற்றப் பதிவு, எஃப்பிஐ. மூன்றின் முடிவும் வந்து, பார்த்து, தகுதி உண்டு என்று கோப்பில் பதிந்த பிறகுதான் சேவையே தொடங்க வேண்டும். பட்டியலைத் தேடும் நேரத்தில் ஏதோ ஒரு மாநிலத்தின் தளம் இயங்காமல் இருந்தால் முடிவுப் பக்கத்திலேயே அது தெரியும். அதைக் கவனிக்காமல் அச்செடுத்து வைத்தால் சோதனை முழுமையாகாது. அந்த மாநிலத்தை மறுபடி தேடித்தான் ஆக வேண்டும். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தணிக்கையில் இது சிக்கினால் மானியப் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும்.

அடுத்தது ஈயப் பெயின்ட் விதி. இன்னும் மனசு ஆறாத விஷயம் இதுதான். 1978-க்கு முன் கட்டிய வீட்டில், உள்ளே ஓர் அறைக்கு 6 சதுர அடிக்கு மேலோ வெளியே 20 சதுர அடிக்கு மேலோ பெயின்ட் கலைந்தால் விதி பொருந்தும். பழைய பெயின்ட்டைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுத்தரும் 8 மணி நேர ரினோவேட்டர் வகுப்புச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று அலுவலகத்தில் இருந்தவர் அடித்துச் சொன்னார். போதாது! நிறுவனத்துக்கும் தனியாகச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இபிஏ (கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) 90 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆளும் கருவியும் தயாராக இருந்தும் பழைய வீடுகள் எல்லாம் நின்றுபோயின. மானியம் உறுதியான அன்றே, ஆள் எடுக்கும் முன்பே, இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். சில மாநிலங்கள் இந்த விதியைத் தாங்களே நடத்துகின்றன. அங்கே விண்ணப்பம் மாநிலத்துக்குத்தான் போக வேண்டும்.

மணிக்கணக்கிலும் ஒரு கண் இருக்கட்டும். அமெரிக்கார்ப்ஸில் பொதுவாக எல்லா உறுப்பினர்களின் மொத்த நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் பயிற்சியாகக் காட்ட முடியாது. 1,700 மணி நேர முழுநேரப் பணிக்குச் சராசரியாக 340 மணி. வகுப்பறையிலேயே அதைக் கரைத்துவிட்டால் பிறகு வரும் பிபிஐ (வீட்டு எரிசக்தி வேலைக்குச் சான்றிதழ் தரும் நிறுவனம்) தேர்வுப் பயிற்சிக்கு இடம் இருக்காது. 18 நிரம்பாதவர்களைக் கூரை வேலைக்கோ மின் ரம்பத்துக்கோ விடக் கூடாது என்பது பொதுவான கூட்டாட்சி விதி. வேலைப் பட்டியல் போடும்போதே யார் எங்கே என்று பிரித்துவிடுங்கள்.

வீட்டுக்குள் போனபின் கற்பிக்க மிகச் சிறந்த பாடம், சுவருக்குள் செல்லுலோஸை (காகித இழை இன்சுலேஷன்) இயந்திரத்தால் ஊதி அடர்த்தியாக அடைப்பதுதான். ஆரம்பத்தில் எல்லாக் குழுவும் இதில்தான் தடுமாறும். 16 அங்குல இடைவெளியில் இரண்டுக்கு நான்கு அங்குலக் கட்டை வைத்த, 8 அடி உயரச் சுவரில், இரு கட்டைக்கு நடுவே உள்ள ஒரு அறையின் (வெற்று இடத்தின்) கொள்ளளவு சுமார் 2.8 கன அடி. கன அடிக்கு 3.5 பவுண்டு அடர்த்தி வேண்டும். அதாவது ஓர் அறைக்கு ஏறக்குறைய 10 பவுண்டு. 25 பவுண்டு மூட்டை இரண்டரை அறைக்கு வரும். துளை போடும் முன்பே எத்தனை மூட்டை என்று கணக்கிட்டு எழுதச் சொல்லுங்கள். முடிவில் காலி மூட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். பத்து அறைக்கு நான்குக்குப் பதில் இரண்டே மூட்டை போயிருந்தால் உள்ளே வெற்றிடம். நடுவில் குறுக்குக் கட்டை குழாயைத் தடுத்திருக்கும், அல்லது காற்றைக் குறைத்துப் பொருளை அதிகம் தள்ளியதில் குழாய் அடைத்திருக்கும். ஏழெட்டு மூட்டை போயிருந்தால் பொருள் அடித்தளத்துக்கோ அலமாரிக்குப் பின்னாலோ கொட்டுகிறது. குழாயில் அடிக்கு ஒரு டேப் ஒட்டினால் எவ்வளவு ஆழம் போனது என்று தெரியும். பெரிய இயந்திரங்களுக்கு இரண்டு வயர்கள் இருக்கும். இரண்டையும் ஒரே சர்க்யூட்டில் சொருகினால் பிரேக்கர் விழும். பக்கத்துப் பக்கத்து பிளக் வேறு சர்க்யூட் என்று நம்பாமல் பேனலில் பாருங்கள்.

சுவரில் பழைய நாப் அண்ட் டியூப் வயரிங் (பீங்கான் குமிழ்களில் தாங்கிய பழங்கால மின்கம்பி) தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அட்டிக்கில் வெர்மிகுலைட் (பழைய தாது இன்சுலேஷன்) கிடந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அந்த வீட்டில் புளோயர் டோரால் (கசிவை அளக்கக் கதவில் பொருத்தும் பெரிய விசிறி) காற்றை வெளியே இழுக்கவே கூடாது. மற்ற வீடுகளில் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டுக்கு இழுக்கும் முன் ஃபர்னஸை அணைத்து, வாட்டர் ஹீட்டரை பைலட்டில் (சிறு சுடர் மட்டும் எரியும் நிலை) வைத்து, கணப்புச் சாம்பலை மூடுங்கள். சாம்பல் கூடம் முழுக்கப் பறந்த வீட்டுக்காரர் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார். கசிவை அடைத்த பிறகு வாட்டர் ஹீட்டர் புகை உள்ளே திரும்புகிறதா என்று பார்க்காமல் கிளம்பவே கூடாது. எல்லா எக்ஸாஸ்ட் ஃபேனையும் டிரையரையும் ஓடவிட்டுப் பாருங்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

தர ஆய்வாளர் வந்து, மூட்டைக் கணக்கையும் சுவரையும் ஒப்பிட்டுவிட்டு மறுவேலை எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்ட முதல் வீட்டில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வேலைக்கு அனுப்பும் கட்டத்தில் இரண்டு பொறிகள் உண்டு. ஓஷாவின் (கூட்டாட்சிப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) 10 மணி நேரப் பயிற்சி அட்டை பயிற்சியாளர் வழியாகத்தான் வரும். அதற்கு 90 நாள் வரை ஆகலாம். பிள்ளைகள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் திட்ட அலுவலக முகவரியைக் கொடுங்கள். ஒப்பந்ததாரர்கள் பிபிஐ சான்றிதழைக் கேட்கும் முன் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். கட்டாத அபராதத்தால் உரிமம் முடங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு, முதல் மாதத்திலேயே அதை மீட்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.