14 முறை ‘பார்த்துக்கலாம்’

வருட மதிப்பீட்டில் எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார்கள்: ‘தகவல் தொடர்புத் திறன் மேம்பட வேண்டும்.’ என் ஆங்கிலத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு மாதம் தினமும் காலையில் ஆங்கிலச் செய்திகளை உரக்கப் படித்தேன். உச்சரிப்பு கொஞ்சம் தேறியிருக்கலாம். கோளாறு அங்கே இல்லை என்பது ஒரு சனிக்கிழமைதான் தெரிந்தது.

அன்று எங்கள் இணையதளத்தின் செக்யூரிட்டி சர்ட்டிஃபிகேட் (தளம் நம்பகமானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்று) காலாவதியாகி, உள்ளே வந்த எல்லோருக்கும் பிரவுசர் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் முன்பே மீட்டிங்கில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தார். நான் “பார்த்துக்கலாம்” என்றேன். ‘நீங்கள் பாருங்கள்’ என்பது என் மனதில் இருந்தது. ‘இவரே பார்த்துக்கொள்வார்’ என்று அவர் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரோ, இப்போதைக்கு அவசரமில்லை போல என்று விட்டுவிட்டாராம். மூன்று பேரும் பேசியது சுத்தமான தமிழ்.

எங்கள் மீட்டிங்குகள் எப்போதும் பதிவாகும். குழுவிடம் சொல்லிவிட்டு, கடைசி ஆறு பதிவுகளை எடுத்துவைத்துக் கேட்டேன். முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. இதுவா என் குரல்? பேசும்போது மண்டை எலும்பு வழியாகவும் ஒலி உள்காதுக்குப் போவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கும், பதிவில் அந்தக் கனம் இருக்காது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மறுபடி உட்கார்ந்தேன். அடுத்தவர் முடிப்பதற்குள் பதில் சொல்வது, ஒரே விஷயத்தை மூன்று தரம் சொல்வது எல்லாம் வரிசையாக வந்தன. அவை எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதது ‘பார்த்துக்கலாம்’. ஆறு மீட்டிங்கில் 14 முறை. அதில் மூன்றுக்குத்தான் யார், எப்போது என்று பிறகாவது பேசியிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் 1977-இல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் நடந்த விமான விபத்தைப் பற்றிப் படித்தேன். மூடுபனியில், ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்கும் முன்பே ஓடத் தொடங்கிய விமானத்திலிருந்து ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்பது போல ஒரு செய்தி போனது. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் புரிந்துகொண்டு “ஓகே” என்றது. அதையடுத்துச் சொன்ன ‘காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்’, இன்னொரு விமானத்தின் பேச்சும் அதே நேரத்தில் வந்ததால் இரைச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு, அனுமதி கொடுக்கவோ ரத்து செய்யவோ தவிர ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று நடைமுறையை இறுக்கினார்கள். என் சர்ட்டிஃபிகேட்டை அதன் பக்கத்தில் வைப்பதே அபத்தம். ஆனாலும் அந்த “ஓகே” என்னை விடவில்லை.

சரி, இனி ‘லாம்’ போடக் கூடாது என்று தீர்மானித்தேன். எனக்கே எனக்கு என்றால் சுலபம்: “நான் வியாழன் மதியத்துக்குள் முடிக்கிறேன்.” என்னைவிடப் பத்து வயது மூத்தவரிடம் “நீங்க வியாழனுக்குள் முடிச்சிடுங்க” என்று சொல்ல நாக்கு எழவில்லை. அப்போதுதான் உறைத்தது, அந்த ‘லாம்’ வெறும் சோம்பல் இல்லை என்று. யாரையும் ஏவாமல் வேலை சொல்ல நாம் கண்டுபிடித்த மரியாதை அது. அதைப் பிடுங்கிவிட்டால் பேச்சு மொட்டையாக நிற்கிறது. கடைசியில் கேள்வியாக மாற்றிக்கொண்டேன்: “இதை யார் எடுத்துக்கறோம் சார்?” பெரும்பாலும் அவரே “நான் பார்க்கிறேன்” என்பார். சில நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தை நானே பேசி நிரப்பாமல் இருப்பது, ஆங்கிலச் செய்தி படிப்பதைவிடக் கஷ்டம்.

இன்னொன்றைக் குழுவில் இளையவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். “புரிஞ்சுதான்னு கேட்டா ஆமான்னுதான் சொல்வோம் அண்ணா. புரியலைன்னு எப்படிச் சொல்றது?” இப்போது, “முதல்ல எதை ஆரம்பிக்கப் போறீங்க?” என்று கேட்கிறேன். பதிலிலேயே தெரிந்துவிடும், நான் என்ன சொல்லாமல் விட்டேன் என்று.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஆறு பதிவுகள் கேட்டேன். ‘பார்த்துக்கலாம்’ 5. குறுக்கே பேசுவது மட்டும் அப்படியே இருக்கிறது. மெயிலை இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. அங்கே நான் எழுதுவது ‘செய்துவிடலாம்’.