இன்னும் ஓர் ஆணி

திருகோணமலையில் கண்டி வீதிப் பக்கம் ஒரு கராஜில் வேலை பழகப் போன முதல் மாதமே ஒரு டோர் போர்ட்டை உடைத்தேன். கார்க் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகைக்கு எங்களிடம் அதுதான் பெயர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கரோலா அது. பவர் ஷட்டர், அதாவது மோட்டரில் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, பாதி வழியில் நின்றுவிட்டது. மோட்டரைப் பார்ப்பதென்றால் போர்ட்டைக் கழற்றியாக வேண்டும். ஓரத்துக் கிளிப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டன. கைபிடிப் பக்கம் மட்டும் அசையவில்லை. எனக்குப் பதினெட்டு வயது, இழுத்தேன். ‘சடக்’ என்றது. கைபிடிக் குழியின் அடியில், நகத்தளவு மூடி ஒன்றுக்குள் திருகாணி ஒளிந்திருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

பாஸ் ஏசவில்லை. டோர்ச்சை என் கையில் வைத்துவிட்டு, “வராவிட்டால் இன்னும் ஓர் ஆணி இருக்கிறது, தம்பி” என்றார். அவ்வளவுதான். கரோலாக்கார மாஸ்டர்தான் பாவம். காசு கொடுக்க வரும்போதெல்லாம் பேசிக்கொண்டே அந்த வெடிப்பைப் பெருவிரலால் தடவுவார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு முதலில் கை போவது ஆணி தேடத்தான். உட்கைபிடிக்குப் பின்னால் ஒன்று, கதவை இழுத்துச் சாத்தும் குழிக்குள் ஒன்றோ இரண்டோ, கண்ணாடி மூலையிலுள்ள முக்கோண மூடிக்குக் கீழே சில கார்களில் ஒன்று. எல்லாம் கழன்ற பிறகே ஓரத்துக்கு வருவேன். இரும்பு ஸ்குரூ ட்ரைவரைப் போட்டு நெம்பினால் பெயின்டும் போகும், போர்ட்டின் விளிம்பிலும் பள்ளம் விழும். பாஸ் காய்ந்த பனை மட்டையைச் சீவி ஆப்பு வைத்திருந்தார். இப்போது நைலோன் நெம்பிகள் வந்துவிட்டன, ஆனால் அந்த மட்டை இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது. கீழ் மூலையில் ஆப்பை நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்கு ஒட்டியே நெம்ப வேண்டும். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே நெம்பினால் பலகைதான் வளையும். சரியாக விட்டால் ‘டப்’ என்று உருண்டையான சத்தம் வரும். வருடக்கணக்காக வெயிலில் நின்ற காரில் பிளாஸ்டிக் அப்பளமாகியிருக்கும். 

கிளிப்புகள் விட்ட பிறகு தன்னை நோக்கி இழுப்பதுதான் அடுத்த தவறு. போர்ட்டின் மேல் விளிம்பு கண்ணாடி இறங்கும் இடுக்கில் கொளுவியிருக்கும். மேலே தூக்க வேண்டும். தூக்கியதும் ஓடவும் கூடாது. சுவிட்ச் வயரும் கைபிடிக் கேபிளும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்.

கையால் சுற்றும் பழைய ஷட்டர்களுக்கு ஒரு துணிக்கீலம் போதும். கைபிடிக்கும் போர்ட்டுக்கும் இடையில் விட்டு அங்குமிங்கும் இழுத்தால் குதிரை லாட வடிவ வளையம் துள்ளி வெளியே வரும். எங்கே துள்ளும் என்பதுதான் கேள்வி. பாதி நாள் கராஜ் தரையில் தவழ்ந்திருக்கிறேன்.

உள்ளே கறுப்புப் பசையால் ஒட்டிய பொலித்தீன் தாள் ஒன்று இருக்கும். குப்பையென்று நினைத்து ஒரு வான் வண்டியில் அதைக் கிழித்தெறிந்தேன். கார்த்திகை மழையில் அந்த வான் கம்பளம் நனைந்து, நாற்றத்தோடு திரும்பி வந்தது. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள துளைகளால் வெளியேற வேண்டும். அது உள்ளே கசியாமல் தடுப்பது அந்தத் தாள்தான். நிலாவெளிக் கடற்கரைக்கு ஓடும் வான்களில் அந்தத் துளைகளை மணல் அடைத்திருக்கும். உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதனால் போர்ட்டைக் கழற்றினால் யாரும் கேட்காமலே ஒரு கம்பியால் துளைகளைக் குத்திவிடுவேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, உடைந்த போர்ட்டுக்கு மாற்றுத் தேடுவதே பெரும்பாடாகிப் போனது. மாஸ்டரும் அந்தக் காரை விற்கவில்லை. போன மாதம் இடப்பக்க ஷட்டர் நின்றுவிட்டதென்று வந்தார். ஆணிகள் இருக்கும் இடம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஆனாலும் வேலை முடியும்வரை டோர்ச்சை அவரேதான் பிடித்துக்கொண்டு நின்றார்.