மூணாவது வருஷம் அடுப்பு எரியுதா?

நேத்து திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டுக்குப் போயிருந்தேன், மயினியப் பாக்க. அவியளும் கூட ஆறு பொம்பளையளும் சுய உதவிக்குழுவாச் சேந்து ஏத்தங்கா (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுதாவ, எல்லாமே வாழை வெவசாயம் பாக்குற வீடுதான், தார் விலை சரிஞ்சா வெட்டுக்கூலிக்கே காணாதுல்லா, அதான் இதுல இறங்குனது.

பிஎம்எஃப்எம்இ-ன்னு மத்திய அரசுத் திட்டம், 2020ல வந்தது, சின்ன உணவுத் தொழிலுக்குன்னே, அதுலதான் லோன் எடுத்தாவ. திட்டச் செலவுல 35 சதவீதம் மானியம், 10 லட்சம் வரைக்கும். நெசமாவே நல்ல திட்டம், இது இல்லன்னா மயினி மெஷினே வாங்கிருக்க முடியாது. ஆனா அந்த மானியம் கைக்கு வராது, லோன் கொடுத்த பேங்க்லயே தனிக்கணக்குல கிடக்கும், மூணு வருஷம் தொழிலும் நடந்து தவணையும் ஒழுங்கா கட்டியிருந்தாத்தான் கடன்ல கழிப்பாங்க.

அந்த மூணு வருஷத்தத் தாண்டுறதுதான் பாடு. சீவுற மெஷினுக்குத் துட்டு கெடச்சிட்டு, எண்ணெய் டின்னுக்கு இல்ல. டவுன்ல கடைக்காரங்க சரக்க எடுத்துட்டு ஒரு மாசம் கழிச்சுத்தான் துட்டு தாராவ, காய்க்கு அன்னைக்கே எண்ணி வைக்கணும். 2023 டிசம்பர் வெள்ளத்துல வாழை பூரா சாஞ்சு கெடந்தப்ப காய்க்கு ஊரு ஊரா அலைஞ்சாவளாம், தவணைத் தேதி மட்டும் தள்ளிப் போகல.

இதே திட்டத்துல சுய உதவிக்குழு உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரைக்கும் தொடக்க மூலதனம்னு ஒண்ணு இருக்கு, சரக்கு வாங்க, சின்னச் சாமான் வாங்க. இது ஏழு பேருல ஒருத்தருக்கும் தெரியாது, யாரும் சொல்லவும் இல்ல, எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு.

திட்டம் ஜெயிச்சுதான்னு பாக்க எத்தன லோன் சாங்ஷன் ஆச்சுன்னு எண்ணுனா போதுமா? மூணாவது வருஷம் அடுப்பு எரியுதா, ஏழு பேரும் இன்னும் வேலைக்கு வாராவளா, செலவு போக ஆளுக்கு என்ன நின்னுது, சீவுறது அவிய வயக்காட்டுக் காயா இல்ல மார்க்கெட்டுல வாங்குன காயா, இதெல்லாம் கேக்கணும், அதுவும் ஆபீஸ்ல உக்காந்து இல்ல, அந்த அடுப்படிக்கே வந்து கேக்கணும்.

வார திங்கக்கிழம குழு நோட்டு, பாஸ்புக்கு எல்லாம் எடுத்துக்கிட்டு மகளிர் திட்ட ஆபீஸுக்கு அந்த 40,000த்தக் கேக்கப் போறாவ, நானும் கூடப் போறேன்.