மாந்தோப்பு போதும், மலை வேண்டாம்: ஃபவுண்ட் ஃபுட்டேஜ் திகில் படம் எடுக்கிறவர்களுக்கு

காட்டில் காணாமல் போனவர்களின் கேமராவில் கிடைத்த வீடியோ என்று நம்பவைக்கிற மிருகப் படங்களைக் குறும்படமாக எடுக்க நினைக்கிற மதுரைக்காரர்களுக்கு உடனே சிறுமலையும் அழகர்மலையும்தான் ஞாபகத்துக்கு வரும். இரண்டும் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். சிறுமலையில் காட்டுமாடு வேறு உண்டு. அழகர்கோவில், நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பை உரிமையாளரிடம் கேட்டு ஒரு ராத்திரிக்கு வாங்குங்கள். டார்ச் எட்டுகிற முப்பது அடிக்கு அப்பால் இருப்பது மலையா மோட்டார் ரூமா என்று படம் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை.

மிருகம் துரத்தும்போது எதற்கு இன்னும் வீடியோ எடுக்கிறான் என்ற கேள்விக்குக் கதையில் பதில் வேண்டும். அவன் கையில் இருக்கிற ஒரே வெளிச்சம் செல்போன் லைட் என்று வைத்துவிடுங்கள், அவனால் போனைக் கீழே வைக்கவே முடியாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. லைட்டும் லென்ஸும் ஒரே இடத்தில் இருப்பதால் பக்கத்து இலை வெள்ளையாக வெளுத்துப்போகும், பின்னால் இருப்பதெல்லாம் கறுப்பாகிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான். அதனால் முன்னால் ஆறடிக்குத் தழை இல்லாத பாதையாகப் பார்த்து, பன்னிரண்டு அடியில் உள்ள மரத்துக்கு எக்ஸ்போஷரையும் (கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவு) ஃபோகஸையும் மாறாதபடி லாக் பண்ணுங்கள். இருபத்து நாலு அடியில் நிற்கிற மிருகம் வெறும் உருவமாக மட்டும் தெரியும். கோணிச்சாக்கு உடைக்கு அதுவே போதும்.

போனோடு வருகிற கேமரா ஆப் இருட்டில் ஃபிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை, தானாகக் குறைக்கும். அதனால் எடிட்டிங்கில் தனியாகப் பதிந்த ஆடியோ உதட்டசைவோடு ஒட்டாமல் நழுவும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று பூட்ட வசதியுள்ள ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அப்போது மோட்டார் ரூம் டியூப் லைட் ஃபிரேமுக்குள் வந்தாலும் படத்தில் பட்டை ஓடாது.

பயத்தில் பெரும்பங்கு சத்தத்துக்குத்தான். போன் மைக் அமைதியான நேரத்தில் தானாக ஒலியளவை ஏற்றும், அலறும்போது சத்தம் உடைந்துவிடும். தனி ரெக்கார்டரில், லெவலைக் கையால் வைத்து, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் பதியுங்கள். யாரும் பேசாமல் ஐந்து நிமிடம் வெறும் தோப்புச் சத்தத்தையும் எடுத்துவையுங்கள். ஆள் நெருங்கினால் சில்வண்டு நிறுத்திக்கொள்ளும் என்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்தது. மிருகம் வருவதற்கு நாலு விநாடி முன்னால் சில்வண்டை மட்டும் நிறுத்திப் பாருங்கள், பார்ப்பவர் காரணம் புரியாமலே நிமிர்ந்து உட்காருவார். காய்ந்த பனையோலையைச் சருகில் மெதுவாக இழுத்துப் பதிந்தால், கனமான ஏதோ ஒன்று நகர்கிற சத்தம் கிடைக்கும்.

1999-இல் வந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' கடைசி வரை சூனியக்காரியைக் காட்டவில்லை. 2010-இன் நார்வே படம் 'ட்ரோல்ஹன்டர்' ராட்சதர்களை முழுசாகவே காட்டியது. அதற்கு கிராஃபிக்ஸ் வேண்டும். நம் பட்ஜெட்டுக்கு முதல் வழிதான். முனியையோ கருப்பையோ மிருகமாக்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர்கள் ஊரைக் காக்கிறவர்கள், கதைக்கும் அது பொருந்தாது.

இருட்டில் மிருகமாக நிற்பவருக்கு முழங்கால் வரை கம்பூட்டும் ஒரு விசிலும் கட்டாயம் கொடுங்கள். சருகுக்குள் கண்ணாடிவிரியன் கிடந்தால் தெரியாது.