திருவையாறு: சூடான அசோகாவும் தொலைந்துபோன படங்களும்

தஞ்சாவூர் ரயில் நிலைய வாசலில் ஓர் ஆட்டோக்காரர் திருவையாற்றுக்கு 700 ரூபாய் கேட்டார். வெறும் 13 கிலோமீட்டர்! கேட்டால், "வரும்போது காலியாத்தானே சார் வரணும்" என்கிறார். என் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவே அவ்வளவு வராது. விடுவிடுவென்று பழைய பேருந்து நிலையத்துக்கு நடந்துவிட்டேன்.

பஸ் மகா மோசம். கிழிந்த சீட், இறங்காத ஷட்டர், மூச்சுமுட்டும் கூட்டம். ஆனால் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டும்போது எல்லாம் மறந்துபோனது.

பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. "தியாகராஜர் ஆராதனை தை மாசம்ல தம்பி, இப்ப எதுக்குப் போறீங்க?" என்றார். நடிகை டி.பி. ராஜலட்சுமி பிறந்த ஊரைப் பார்க்க என்றேன். அந்த அம்மாவுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'; அதன் கதாநாயகி இந்த ஊர்க்காரர், அதற்கு முன்பே ஊமைப்படங்களில் நடித்தவர் என்று சொன்னேன். 'காளிதாஸ்' படமே இப்போது இல்லை என்றதும், "அதெப்படி சினிமா காணாமப் போகும்?" என்றார்.

அமெரிக்காவிலும் போயிருக்கிறதே! இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1925இல் எடுத்த 'கிஸ் மீ அகெய்ன்' ஊமைப்படத்தின் கதையைச் சொன்னேன். பாரிஸில் ஒரு தம்பதி. மனைவிக்குப் பியானோ வாசிப்பவன் மேல் மோகம். புருஷன் சண்டை போடவில்லை. விவாகரத்துக்குச் சம்மதம் என்று ஒதுங்கிக்கொள்கிறான். தடை நீங்கியதும் மோகமும் கரைகிறது, அவள் புருஷனிடமே திரும்பி வருகிறாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எந்தக் கொட்டகையில ஓடுது?"

எங்கேயும் ஓடவில்லை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதே கதையை லூபிட்ச் 1941இல் பேசும்படமாக மறுபடி எடுத்தார். ஆனால் முதல் படத்தில் நடிகை கிளாரா போ எப்படி நடித்தார் என்று இனி யாராலும் பார்க்க முடியாது. அந்தக் கால நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், வெப்பத்திலும் ஈரத்திலும் அழுகும். பேச்சு வந்ததும் ஊமைப்படத்துக்கு மதிப்பு போய், பிலிமில் இருந்த வெள்ளிக்காக உருக்கினார்கள். இந்தியாவில் எடுத்த சுமார் 1,300 ஊமைப்படங்களில் முப்பதை ஒட்டித்தான் மிச்சம். எனக்கு இதில் ஆறாத கோபம்.

இறங்கியதும் ஆண்டவர் கடையில் அசோகா அல்வா. பாசிப்பருப்பும் நெய்யும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது! இரண்டாவது தட்டும் வாங்கினேன், பட்ஜெட் கிடக்கட்டும். அப்புறம் ஐயாறப்பர் கோயில், தியாகராஜர் சமாதி, காவிரிப் படித்துறை. எல்லாம் நடக்கிற தூரம்தான்.

நான் விசாரித்த டீக்கடைகளிலும் ராஜலட்சுமி பெயர் யாருக்கும் தெரியவில்லை. 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கி, தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனவர். பேருந்து நிலையத்தில் அவர் படத்தோடு ஒரு பலகை வைக்க எவ்வளவு ஆகிவிடும்? உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதப்போகிறேன். திருவையாற்றுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் எழுதுங்கள்.