இரண்டா நான்கா

"ரெண்டு போட்டாலே தப்பான எடை போகாதுடா, அதுதானே ரெண்டோட வேலை" என்று என்னோடு இந்த வேலையில் இருந்த அண்ணன் சொன்னார். லாரி எடையைப் படிக்கும் ஒரு பெட்டியின் அமைப்பில் எழுதும் எண் அது, நான் அதை நான்காக்கியிருந்தேன். அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுசாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடை மேடைப் பெட்டியை, அதாவது லாரி நிற்கும் மேடையிலிருந்து எடையைப் படித்துக் காட்டும் சிறு கணினியை, மாற்றினோம். சோதனைக்கு வந்த முதல் லாரி 18,420 கிலோ, திரையில் 16,628. குலையைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது 7,310, திரையில் 16,526. பதினொரு டன் பழம் 102 கிலோ ஆகிவிட்டது. கணக்கு எழுதும் கிராணி ஐயா மேடையின் பழைய மீட்டரைப் பார்த்துக் கையாலும் எழுதிக்கொண்டிருந்ததால் யார் கணக்கும் கெடவில்லை.

மேடையிலிருந்து வரும் செய்தியில் முதல் பைட் செய்தியின் வகை, அது 64. அடுத்த இரண்டு பைட்டும் சுழியம். அதற்குப் பிறகுதான் எடைக்கான நான்கு பைட், அதாவது எடை நினைவகத்தில் நான்கால் வகுபடாத முகவரியில் தொடங்குகிறது. நிரல் அந்த முகவரியை அப்படியே இன்ட் சுட்டியாக காஸ்ட் செய்து, அதாவது அங்கே நான்கு பைட் முழு எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒரேயடியாகப் படித்தது. மடிக்கணினியில் இன்டெல் சிப், அது இப்படிப்பட்ட முகவரியையும் சரியாகப் படித்துவிடும் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. பெட்டியில் இருந்ததோ பழைய ஆர்ம் வி5 சிப், அது தனக்கு முந்தைய நான்கால் வகுபடும் முகவரியிலிருந்து நான்கு பைட்டை எடுத்துச் சுழற்றிக் கொடுத்துவிடும். எடையின் மிகக் குறைந்த மதிப்புள்ள பைட் மட்டும் மிஞ்சும், அதற்கு மேலே 64 வந்து உட்கார்ந்துகொள்ளும், அதாவது 64 × 256 = 16,384 கூடிவிடும். ஆக எந்த லாரி ஏறினாலும் 16,384க்கும் 16,639க்கும் நடுவில் ஓர் எண். நிரல் விழவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. 16 டன் என்பது லாரி எடையாக நம்பக்கூடிய எண்ணாகவும் இருந்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த ஆர்ம் லினக்ஸில் ப்ராக் அடைவுக்குள் அலைன்மென்ட் என்று ஒரு கோப்பு உண்டு. இப்படி வகுபடாத முகவரியில் படித்தால் என்ன செய்வது என்பதை அதில் எழுதும் எண் சொல்லும். 0 எழுதினால் லினக்ஸின் மையமான கர்னல் கண்டுகொள்ளாது, 2 எழுதினால் தானே சரியான பைட்டுகளைப் படித்துக் கொடுக்கும், 4 எழுதினால் நிரலுக்கு சிக்பஸ் என்ற பிழைச் சமிக்ஞையை அனுப்பும், நிரல் அங்கேயே நின்றுவிடும். எங்கள் பெட்டியில் 0 இருந்தது. அன்று 2 எழுதினோம், எடை சரியாக வந்தது. அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அப்புறம் நான் நிரலில் எல்லா காஸ்டையும் எடுத்துவிட்டு, பைட் பைட்டாக நகலெடுக்கும் மெம்காப்பி போட்டேன். நிரலைத் தொகுக்கும் ஜிசிசியில், 2018இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து, இப்படிப்பட்ட காஸ்டுக்கான காஸ்ட் அலைன் எச்சரிக்கைக்கு ஸ்ட்ரிக்ட் என்றொரு வடிவம் இருக்கிறது, அதைப் போட்டால் இன்டெலில் தொகுக்கும்போதே இந்த இடங்களைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் வகை சொல்லாத வாய்ட் சுட்டி வழியாக வருவது அதன் கண்ணிலும் படாது. எங்கேயாவது ஒன்று தப்பியிருந்தால் தெரியட்டும் என்று 2ஐ 4 ஆக்கினேன். பேச்சு அங்கேதான் முற்றியது.

"தெரியறதுக்காக ஆலையை நிறுத்துவியா?"

"தப்பான எடை போறதுக்கு நிக்கட்டுமேண்ணே."

அதற்குத்தான் அவர் தொடக்கத்தில் சொன்ன அந்த பதிலைச் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. 2 இருக்கும்வரை எடை தவறாது. ஆனால் அந்த 2 தொடக்க ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி. யாராவது பெட்டியைப் புதிதாக நிறுவி அந்த வரியை விட்டுவிட்டால் மறுபடி 0, மறுபடி சத்தமில்லாமல் பொய் எடை. அந்த வரி 4 ஆக இருந்தாலும் இதேபோல் காணாமல் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்பே நிரல் விழுந்து தவறு இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கும் என்பது என் வாதம்.

காட்டுவது யாருடைய செலவில் என்று அண்ணன் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொள்கிறேன். வெட்டிய குலை காத்திருந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், அடிபட்ட பழத்தில் இன்னும் வேகமாக. வரிசையில் நிற்பது சிறுதோட்டக்காரர்களின் லாரியும்தான். பெட்டி நின்றால் கிராணி கையால் எழுதலாம், ஆனால் வரிசை நீளும். இன்னொரு பக்கம், தோட்டத்தில் ரப்பர் பாலை எடைபோட்ட காலத்திலிருந்தே தராசு சொன்னதுதான் கூலி, எதிர்த்துக் கேட்க இடமில்லை என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். எடை பொய்யாகக்கூடிய ஒரு வழி உள்ளே இருப்பது தெரிந்தும் அதன் மேல் 2 என்று ஒரு மூடியைப் போட மனசு வரவில்லை. இது பொறியியல் காரணமா என்று கேட்டால், பாதிதான்.

3 என்றும் எழுதலாம், திருத்திக் கொடுத்துவிட்டு லாகில், அதாவது பெட்டியின் பதிவேட்டில், ஒரு வரியும் போடும். "அதைப் போட்டுட்டு லாகை நீ பாரு" என்கிறார் அண்ணன். நியாயமான வழி. ஆனால் ஆலையில் இணையம் அடிக்கடி விழும், லாக் என் கைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இதுவரை 4 ஒருமுறையும் நிரலை நிறுத்தவில்லை. 2 இருந்திருந்தாலும் இப்படித்தான் ஓடியிருக்கும், ஆகவே அதை வைத்து யார் சரி என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் பராமரிப்புக்குப் போகும்போது 3 போடலாமா என்று யோசிக்கிறேன், இன்னும் முடிவு செய்யவில்லை.