மாசியில் பவானி ஆறு: தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

மாசி பிறந்துவிட்டால் யூடியூபில் வெளிநாட்டில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கும் வீடியோக்கள் வரிசையாக வந்து விழும். அங்கே பனி உருகி ஆறு கலங்கி ஓடும் நேரம். தண்ணீர் ஐஸ் மாதிரி இருப்பதால் மீன் அடியிலேயே சோம்பிக் கிடக்கும், வெயில் ஏறி உச்சிப்பொழுதில்தான் கொஞ்சம் வாய் திறக்கும், அதனால் நீர்ப்பூச்சி மாதிரி முள்ளில் இறகால் கட்டிய 'ஈ' என்ற பொய் இரையை ஆழத்தில் மெதுவாக உருட்டி விடு என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. அதைப் பார்த்துவிட்டு நம் பசங்களும் சத்தியமங்கலத்தில் மண்டை காயும் மத்தியானத்தில் தூண்டிலோடு நிற்கிறார்கள்! இங்கே விடிகாலையும் பொழுது சாயும் நேரமும்தான். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம்.

ட்ரவுட் நம் ஆற்றுக்கு அந்நியமும் இல்லை. இதே பவானி புறப்படும் நீலகிரி மலையில், அவலாஞ்சியில் 1907-இல் வெள்ளைக்காரர்கள் மீன்குஞ்சுப் பொரிப்பகம் வைத்து, ரெயின்போ ட்ரவுட்டை மலை ஓடைகளில் விட்டார்கள். ஆனால் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம், கீழே இறங்கிப் பிழைக்காது. மேலே போய்ப் பிடிக்கலாமே என்றால் அது காடு, அனுமதி வாங்காமல் போகாதீர்கள்.

நமக்குப் பனி உருகுவதற்குப் பதில் பவானிசாகர் அணையின் ஷட்டர். "அணை திறப்பு" என்று பேப்பரில் பார்த்ததும் ஆற்றுக்கு ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: கீழ்பவானி வாய்க்கால் அணையிலிருந்தே நேராகப் பிரிந்து போகிறது, அதைத் திறந்தால் ஆற்றில் ஒரு சாண்கூட ஏறாது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் வாய்க்கால்களின் பாசனத்துக்கு விட்டால்தான் தண்ணீர் ஆற்றோடு வரும், முதல் இரண்டும் கீழே கொடிவேரி அணைக்கட்டில் பிரியும். எதற்குத் திறந்தார்கள் என்று செய்தியை முழுசாகப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். தண்ணீர் புதிதாக ஏறும் அன்றைக்கு மீன் இழுப்பை விட்டுக் கரையோரப் புல்லுக்கு ஒதுங்கும், நடு ஆற்றுக்கு வீசுவது வீண். ஏறி நின்று ஓரளவு தெளிந்த பிறகு போவதுதான் என் கணக்கு.

ஈ கட்டிப் போட ஆசையா, தாராளமாகச் செய்யலாம். நம் ஊரில் சேவலுக்கா பஞ்சம்! கழுத்து இறகு ஒன்றைப் பிடுங்கி, சின்னத் தூண்டில் முள்ளின் கழுத்தில் கறுப்பு நூலால் இறுக்கிச் சுற்றினால் இழைகள் சிலிர்த்துக்கொண்டு நாலு பக்கமும் நிற்கும், அதுதான் பூச்சிக்குக் கால். எந்த நிறம் என்று குழம்பினால், ஓட்டமுள்ள இடத்தில் முழங்கால் ஆழத்துக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வால் மூன்று மயிர்போல நீட்டி, பழுப்பாக ஓடும் பூச்சி இருக்கும். அந்த நிறம், அந்த அளவு. சாயங்காலம் தண்ணீர்மேல் சின்னச் சின்ன வட்டம் போடும் பொடிக்கெண்டை இதை எடுக்கும். ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் மண்புழுவே போதும், அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

அப்புறம், அணைக்குக் கீழே ஆற்றுக்குள் பாறையில் ஏறி நிற்கிறவர்கள் தண்ணீரில் சருகும் நுரையும் சேர்ந்து வர ஆரம்பித்தால், தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம், மீன் கடிக்கிறதே என்று பார்க்காமல் உடனே கரை ஏறிவிடுங்கள்.